கண்ணப்பன் பேரில் பத்தொன்பது நாள்

என் சித்தப்பா வேலாயுதம் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டரை மாதம் படுத்திருந்தார். அதில் முதல் பத்தொன்பது நாள் அவருடைய பெயர் கண்ணப்பன். இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நம்பாவிட்டால் போகட்டும். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் நான். நம்பாத பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் நடத்தினேன்.

சுதந்திரம் வந்து மூன்று வருடம் ஆகியிருந்த சமயம். எனக்கு இருபத்திரண்டு வயது. ராயபுரத்தில் ஒரு கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்து ஆறு மாதம் இருக்கும். என் அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் காலராவில் போனபோது எனக்கு நாலு வயது. அப்பாவின் தம்பிதான் சித்தப்பா. அவருக்கும் சித்திக்கும் குழந்தை இல்லை. என்னைத் தூக்கிக்கொண்டு வந்து வளர்த்து, படிக்க வைத்து, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் வீட்டிலிருந்து ஒரு டீச்சரை அனுப்பினார். தெருவே சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார், என் படிப்பை நிறுத்தவில்லை.

அவரைப் பற்றி எங்கே ஆரம்பிப்பது? என் முதல் சம்பளத்தில் அவருக்கு ஒரு குடை வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரம் கூட ஆகவில்லை, காசிமேட்டு மீன்காரி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு வந்து நின்றார்.

"மீனு நனைஞ்சா இன்னா ஆயிடும் சித்தப்பா?" என்று கத்தினேன்.

"மீனு இல்ல கண்ணு, அவ கைக்கொழந்த," என்றார் தலையைத் துவட்டிக்கொண்டே.

வேலை கிடைக்காமல் துறைமுகக் கேட்டில் நின்றுவிட்டுத் திரும்புகிற யாரையாவது தினமும் சோற்றுக்கு அழைத்து வந்துவிடுவார். "இன்னிக்கி யாரைய்யா இட்டுகினு வந்த?" என்று சித்தி கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்பாள். கேட்கிறவள் உலையில் முன்பே ஒரு பிடி அரிசி அதிகம் போட்டிருப்பாள். திட்டுவதும் பரிமாறுவதும் அவளுக்கு ஒரே வேலை.

பெயர் மாறிய கதைக்கு வருகிறேன். கப்பல் சரக்கு இறக்குகிற கம்பெனியில் ஆளுக்கொரு பித்தளை வில்லை கொடுத்திருந்தார்கள். வில்லையில் நம்பர், நோட்டில் அந்த நம்பருக்கு நேரே பெயர். காலையில் கேட்டில் மேஸ்திரி பெயரைக் கூப்பிடுவார். குரல் கொடுத்தவன் உள்ளே போகலாம். ஆஸ்பத்திரியில் கிடந்தாலொழிய, தொடர்ந்து மூன்று நாள் குரல் வராவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள், அப்புறம் ஆயுசுக்கும் உள்ளே போக முடியாது. அதனால் ஒருவனுக்கு முடியாமல் போனால், அன்றைக்கு முறை இல்லாத இன்னொருவன் அவன் வில்லையைக் குத்திக்கொண்டு அவன் பேருக்குக் குரல் கொடுப்பான். எல்லாரும் செய்ததுதான். மேஸ்திரிகளுக்கும் தெரியும். ஆனால் அந்த வருடம் கம்பெனிக்குப் புதிதாக வந்த அதிகாரி, வில்லையை இரவல் கொடுத்தவன் பேரை அன்றைக்கே எடுத்துவிடுவேன் என்று உத்தரவு போட்டிருந்தார்.

கண்ணப்பன் புளியந்தோப்புக்காரன். சித்தப்பாவை விடப் பத்து வயது சின்னவன், வேறு ஒரு மேஸ்திரியிடம் இருந்தவன். அவன் மனைவிக்குத் தலைப்பிரசவம் கண்டமாகி, இரண்டு நாளாக அவளை விட்டு நகர முடியாமல் கிடந்தான். மூன்றாம் நாள் காலை சித்தப்பா அவன் வில்லையைக் குத்திக்கொண்டு கிளம்பினார். அவருக்கே நாலு நாளாக இருமல், உடம்பு கொதிக்கிறது. சித்தி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உன் மூஞ்சியப் பாத்தியா? செவசெவன்னு கீது. இன்னிக்கு உனக்கு முறையும் இல்ல. எங்கய்யா போற?"

"ஒரு நாள்மே. போயிட்டு வந்து படுத்துக்கறேன்."

அன்றைக்கு மழை. கோதுமைக் கப்பல். மதியம் கப்பலின் அடித்தளத்தில் மூட்டையோடு மூட்டையாகச் சுருண்டு விழுந்தார். கைவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூடவே கம்பெனி எழுத்தரும் போனார். பேர் என்ன என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். எழுத்தர் வில்லையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், கண்ணப்பன் என்றார். தூக்கிக்கொண்டு போன நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கண்ணப்பன் பிழைப்பு போய்விடும்.

அவர்களில் ஒருவன்தான் வீட்டுக்கு ஓடிவந்தான். "அக்கா, அண்ணன ஆஸ்பத்திரில சேத்துகீறோம். பயப்படாத. ஆனா அங்க வந்து அண்ணன் பேரச் சொல்லிடாத. அங்க அவுரு கண்ணப்பன்."

சித்தப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்று அவருடைய மேஸ்திரி கம்பெனியில் சமாளித்துக்கொண்டார்.

நீளமான வார்டு. இரண்டு பக்கமும் கட்டில்கள். பினாயில் வாசனை. உயரமான ஜன்னல்கள் வழியாக மாலை வெயில் ஒவ்வொரு கட்டிலாக ஏறி இறங்கிக்கொண்டு போகும். பார்வை நேரம் நாலு முதல் ஆறு வரை. நான் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வந்துவிடுவேன். பதினேழாம் நம்பர் கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய அட்டையில் கண்ணப்பன் என்று எழுதியிருந்தது. முதல் நாள் அதைப் படித்தபோது, நாம் வேறு யாரையோ பார்க்க வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் தோன்றியது. தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, அவரும் வேறு ஆளாகத்தான் தெரிந்தார்.

நோய் நிமோனியா. நுரையீரலில் ஒரு பக்கம் சளி இறுகிக் காற்று போக வழியில்லாமல் போவது. அப்போதுதான் பென்சிலின் புழக்கத்துக்கு வந்திருந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒரு ஊசி, ராப்பகல் கிடையாது. இரண்டு பக்கமும் குத்திக் குத்திச் சல்லடையாகி, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது என்று தெரியாமல் தவிப்பார். ஒரு வாரத்தில் காய்ச்சல் இறங்கியது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுபடியும் ஏறியது.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் நானும் சித்தியும் உட்கார்ந்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று நினைவில்லை. எங்கேயோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. துறைமுகத்திலிருந்து கப்பலின் சங்கு ஊதுகிற சத்தம் வந்தது. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தச் சத்தம்தான். தூக்கத்துக்குள்ளும் வரும்.

படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார். நுரையீரலுக்கும் விலா எலும்புக்கும் நடுவே சீழ் கட்டியிருக்கிறது. ஊசி அங்கே போய்ச் சேராது, சீழை வெளியே எடுக்க வேண்டும். முதுகில் பெரிய ஊசி போட்டு இழுத்தார்கள். மஞ்சளாக வந்தது. பிறகு விலா இடுக்கில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைக் கட்டிலுக்குக் கீழே ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீருக்குள் அமுக்கி வைத்தார்கள். உள்ளே இருப்பது வெளியே வரலாம், வெளிக்காற்று உள்ளே போகக் கூடாது. அதற்குத்தான் தண்ணீர். அவர் மூச்சு விடும்போதெல்லாம் பாட்டிலில் குமிழி வரும். சித்தி தரையில் உட்கார்ந்து அந்தக் குமிழியையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது நிற்காத வரைக்கும் அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வார்டு சிஸ்டர் ஞானம் கஞ்சிச் சீட்டு எழுத வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கறாரான ஆள். ஒவ்வொரு கட்டிலருகிலும் நிற்கிற பெண்களிடம், "வீட்டுக்காரர் பேரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அங்கே தினமும் இது ஒரு கூத்து. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி திருப்பதி இருக்கிற திசையைக் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி கூட வந்த மகளை முன்னால் தள்ளி, "நீ சொல்லும்மே" என்றாள். புருஷன் பேரை வாயால் சொல்லிவிட்டால் அவன் ஆயுசு குறையும் என்று இருந்த காலம்.

எங்கள் முறை வந்தது. "வீட்டுக்காரர் பேரு?"

"கண்ணப்பன்!" என்றாள் சித்தி, வார்டு முழுக்கக் கேட்கும்படி. மறந்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். சரியாகச் சொல்லிவிட்ட பெருமை வேறு முகத்தில்.

சிஸ்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். ஆறு மணிக்கு நாங்கள் கிளம்பும்போது என்னை மட்டும் தனியே கூப்பிட்டார்.

"டீச்சர், இந்த வேலைக்கு வந்து பன்னெண்டு வருசம் ஆச்சு. புருசன் பேரைக் கூசாம சொன்ன பொம்பளைய இன்னைக்குத்தான் பாக்குதேன். அந்த அம்மா யாரு? அவரு யாரு?"

எனக்கு வாய் நீளம் என்று பெயர். அன்றைக்கு அந்த வாய் எங்கே போனதோ, அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா இந்தப் பேரு ரொம்ப நாளு நிக்காது, பாத்துக்கோங்க," என்றார். வெளியே வந்து விஷயத்தைச் சொன்னதும், "நான் இன்னாடி தப்பா சொன்னேன்?" என்று சித்தி பாவமாகக் கேட்டாள்.

காய்ச்சல் மிகுந்த மத்தியானங்களில் சித்தப்பா எங்கோ போய்விடுவார். கண் திறந்திருக்கும், நாங்கள் தெரிய மாட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சீக்கிரமே போய் வாசலில் காத்திருந்து, சிஸ்டரின் தயவில் உள்ளே உட்கார்ந்திருப்பேன். வார்டு தூங்கிக்கொண்டிருக்கும். வெளியே வெயில், உள்ளே பச்சைத் திரை போட்ட ஜன்னல்கள், எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பது மாதிரி இருக்கும். "கட்டில் நகருது கண்ணு. எண்ணூர் தாண்டிட்டோமா?" என்று கேட்பார். முதலில் இல்லை சித்தப்பா, இல்லை சித்தப்பா என்று திருத்திக்கொண்டிருந்தேன். டீச்சர் புத்தி. அப்புறம் விட்டுவிட்டேன். "தாண்டிட்டோம்," என்பேன். "எல்லாருக்கும் எடம் கீதா? எதிர்க்கட்டில் பெருசு ஏறிட்சா?" என்பார். எல்லாரையும் ஏற்றிக்கொண்டுதான் அவருக்குக் கப்பல் கிளம்பும். நானும் பாதித் தூக்கத்தில் இருப்பேன். உண்மையிலேயே கட்டில்கள் வரிசையாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் எனக்கும் நினைவிருக்கிறது.

அப்படி ஒரு நாள், சித்தி ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கொழந்த பொறந்துட்சா?" என்று கேட்டார்.

கண்ணப்பன் குழந்தையைக் கேட்கிறார் என்று நினைத்து நான் வாயைத் திறந்தேன். அதற்குள், "என் கொழந்தமே. பொறந்துட்சா?" என்றார்.

சித்தி ஈரத்துணியைக் கீழே வைத்தாள். பிறகு குனிந்து, "பொறந்துட்சுய்யா. பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா கீறோம்," என்றாள். அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அப்படியே தூங்கிப்போனார். சித்தி எழுந்து வராந்தாவுக்குப் போனாள். நான் பின்னாலேயே போகவில்லை. இருபது வருடம் கல்யாணம் ஆகி, ஒரு நாள் கூட அந்தப் பேச்சை அவர்கள் என் எதிரில் பேசியதில்லை.

பதினெட்டாம் நாள் பாட்டிலில் குமிழி நின்றது. சீழ் கெட்டியாகி, குழாய் அடைத்துக்கொண்டது. டாக்டர் என்னை அழைத்துச் சொன்னார். விலா எலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, வழியைப் பெரிதாக்கி, உள்ளே இருப்பதையெல்லாம் கழுவி எடுக்க வேண்டும். பிழைப்பாரா என்று கேட்டேன். செய்யாவிட்டால் பிழைக்க மாட்டார், செய்தால் சொல்ல முடியாது என்றார். நாளைக் காலை ரவுண்ட்ஸ் வரும்போது சம்மதம் வேண்டும்.

அன்று மாலை சித்தப்பாவுக்குத் தெளிவு இருந்தது. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கேட்டார். தலையை ஆட்டினார். "வேணாம்."

"இன்னா வேணாம்? வெளையாடுறீங்களா?"

"அறுக்கறப்ப நான் பூட்டேன்னு வையி. கண்ணப்பன் செத்தான்னு எழுதுவாங்க. கம்பெனிக்கு அந்தச் சீட்டு போவும். அவன் உசுரோட குந்தினு இருப்பான், பேரு செத்துடும். பச்ச ஒடம்புக்காரியும் கைக்கொழந்தையும் வச்சினு அவன் இன்னா பண்ணுவான்?"

"அப்ப உங்க பேர சொல்லிடலாம்."

"சொன்னா வில்லை குடுத்தான்னு அவன எடுத்துடுவாங்க. எப்பிடி பாத்தாலும் அவனுக்குத்தான் அடி." மூச்சு வாங்கியது. "என்ன வூட்டுக்கு இட்டுகினு பூடு. செத்தா என் பேர்ல சாவறேன். அவன் பேர்ல சாவ எனக்கு இன்னா ரைட்டு கீது?"

எனக்கு வந்த கோபத்தில், படுத்துக்கிடக்கிற மனுஷர் என்று கூடப் பார்க்கவில்லை. "ஊருக்கெல்லாம் குடுத்தீங்களே, எனக்கு ஒண்ணு குடுங்க. உசுரோட இருங்க!" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். "கண்ணப்பன் கிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு." பண்ணினேன்.

பண்ணிவிட்டு நேரே புளியந்தோப்புக்குப் போனேன். ஒரே அறை. மூலையில் அவன் மனைவி படுத்திருந்தாள். கண்ணப்பன் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெண் குழந்தை. ஆஸ்பத்திரிப் பக்கம் வந்துவிடாதே என்று ஆட்கள் சொல்லி வைத்திருந்ததால், நோய் இவ்வளவு முற்றியது அவனுக்குத் தெரியாது. சொன்னேன். அவன் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அவன் குழந்தையை அவள் பக்கத்தில் விட்டுவிட்டு, தலை குனிந்தபடியே இருந்தான். இவன் வரப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

காலையில் டாக்டர் பதினேழாம் கட்டிலுக்கு வந்தபோது, நாங்கள் சிஸ்டரின் அனுமதியில் ஓரமாக நின்றிருந்தோம். கதவருகே கண்ணப்பன் வந்து நின்றான். சட்டைப் பொத்தானைத் துளை மாற்றிப் போட்டிருந்தான்.

"டாக்டரய்யா, நான்தான் கண்ணப்பன். அந்த வில்லை என்னுது. நம்பர் வேணும்னா கேளுங்க, சொல்றேன். இவுரு வேலாயுதம் அண்ணன்."

சித்தப்பா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "யார்ரா நீ? டாக்டர், இந்த ஆள எனக்குத் தெரியவே தெரியாது. யாரோ பைத்தியம்!"

"போதும்ண்ணா," என்றான் கண்ணப்பன். அவ்வளவுதான் அவனால் முடிந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். "எனக்கு முதல்லயே தெரியும் டாக்டர்," என்றார் சிஸ்டர். டாக்டர் கோபிப்பார் என்று பார்த்தேன். அவர் பேனாவை எடுத்து அட்டையில் கண்ணப்பன் என்பதை அடித்துவிட்டு, மேலே வேலாயுதம் என்று எழுதினார். "கம்பெனிக்கு நான் எழுதித்தான் ஆகணும்," என்றார் கண்ணப்பனிடம், கொஞ்சம் தணிந்த குரலில். "தெரியும் சாமி," என்றான் அவன்.

ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகும்போது சித்தப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. படிக்கட்டில் ஆட்கள் தடுமாறியபோது மட்டும், "ஆரியா... ஆரியா..." என்று சொன்னது கேட்டது. கப்பலிலிருந்து சரக்கை மெதுவாக இறக்கு என்பதற்குத் துறைமுகத்தில் அதுதான் வார்த்தை. கதவு மூடிக்கொண்டது. பெஞ்சில் சித்தி ஒரு பக்கம், கண்ணப்பன் ஒரு பக்கம், நடுவே நான். வெயில் எங்கள் காலடியிலிருந்து எதிர்ச் சுவர் வரைக்கும் நகர்ந்து போனது.

பிழைத்தார். ஆனால் என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை. கண்ணப்பன் பேரைக் கம்பெனியில் எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி ஐந்தாம் நாள் வந்தது. நான் கொண்டுபோன கஞ்சியைச் சித்தி கையால் வாங்கிக் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். தலையில் கை வைத்துப் பண்ணிய சத்தியத்தை உடைத்தவள் நான், பேச என்ன இருக்கிறது? தினமும் போய் உட்கார்ந்திருந்தேன். பத்தாம் நாள் யாரோ கொடுத்த ஆரஞ்சுப் பழத்தை உரித்து, பாதியை என் பக்கம் தள்ளினார். "துன்னு," என்றார். நான் அழுதுகொண்டே தின்றேன். புளிப்பு, விதை வேறு.

வீட்டுக்கு வந்தபோது இடது பக்கம் விலா உள்ளே ஒடுங்கி, தோள் சாய்ந்திருந்தது. மூட்டை என்ற பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு மாதம் வீட்டில் இருந்தார். ஒரு நாள் தன் வில்லையை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தார். தன் மேஸ்திரியைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபோது வில்லை இல்லை. கண்ணப்பன் கையில் கொடுத்திருந்தார்.

"உன் பேரையும் குடுத்துட்டு வன்ட்டியா?" என்று சித்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான் தூக்க முடியாது. என் பேரு தூக்கும் இல்ல?" என்றார் சித்தப்பா.

அதற்குப் பிறகு ஏழு வருடம் இருந்தார். தண்டையார்பேட்டையில் விறகு விற்கிற தொட்டி ஒன்றில் காவலுக்கு உட்கார்ந்தார். சோற்றுக்கு ஆள் அழைத்து வருவது மட்டும் நிற்கவில்லை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வீட்டில்தான், தன் பேரில்தான். கார்ப்பரேஷன் ஆபீசில் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, சித்தி காலையில் பால் வாங்கப் போனால் திரும்ப நேரமாகிறது என்று கவனித்தேன். பால்காரர் அடுத்த தெருவில். இவள் வருவதற்கு முக்கால் மணி நேரம். எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடும், எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் பின்னாலேயே போனேன். பால் வாங்கினாள். வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே கடற்கரை ரோட்டுக்கு நடந்தாள். துறைமுகக் கேட்டுக்கு எதிரே ஒரு மரத்தடியில் சொம்பைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். கேட்டில் இருநூறு பேர் இருப்பார்கள். மேஸ்திரி நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே எங்கேயோ ஒரு கப்பல் ஊதியது.

"வேலாயுதம்!"

"கீறேன்!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

சித்தி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பால் சொம்பை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.